நம்பிக்கை இல்லாதவர்கள் கை தூக்குங்கள்

இயேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தனிசு எழுதிக்கொள்வது. இங்கே நான், பிலோமின், அவளுடைய மூன்று பூனைகள் எல்லாரும் சுகம். நீயும் மடத்தில் மற்ற சிஸ்டர்களும் சுகமா? மலையில் குளிர் எப்படி? மாமேர் சுகமா? (மாமேர், உலகத்துக்கெல்லாம் நீங்கள் மதர் சுப்பீரியர். பிரெஞ்சு பழகிய எங்கள் புதுச்சேரி வாய்க்கு எப்போதும் மாமேர்தான். கன்னியர் வெளியே வராத அடைப்பு மடத்துக்கு வரும் கடிதங்களை நீங்கள் படித்த பிறகுதான் அக்காவிடம் கொடுப்பீர்கள் என்று தெரியும். ஆகையால் உங்களுக்கும் ஒரு வணக்கம். அடுத்த பத்தியை மட்டும் படிக்காதீர்கள்.)

அக்கா, உன் தம்பி ஓர் அற்புதம் ஆகிவிட்டான். சிரிக்காதே.

என் வலது தோள் எட்டு மாதமாகப் பூட்டிக்கொண்டு கிடந்தது உனக்குத் தெரியும். தலை சீவ முடியாது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. சிலுவை அடையாளத்தையே இடது கையால் போட்டு, கோவிலில் பின்னால் நின்ற பொம்பளைகளிடம் திட்டு வாங்கினேன். பிலோமின் தினமும் மந்திரித்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே ஜெபமாலை சொல்வாள். அவள் அருள் நிறைந்த மரியே சொல்கிற வேகத்தில் எனக்குத் தோல் உரிந்தது.

போன சனிக்கிழமை பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கும் திடலில் குணமளிக்கும் கூட்டம். இழுத்துக்கொண்டு போனாள். பேசியவர் பிரதர் எழிலரசன். மைக்கே தேவையில்லாத குரல். ஆனாலும் மைக் வைத்திருந்தார். ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது. என் பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கால் விரிசல். கொசு வேறு. எதிரில் டீக்கடையில் பால் பொங்குகிற வாசனை. அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க நம்பிக்கை இல்லாத ஒரு ஆளு ஒக்காந்துருக்காரு. ஆண்டவர் எனக்குக் காட்டுறாரு. தைரியம் இருந்தா கையத் தூக்குங்க!" என்றார்.

தூக்கினால் வெளியே அனுப்பிவிடுவார்கள், நேரே டீக்கடைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவசரத்தில் வலது கையைத் தூக்கிவிட்டேன். முழுசாக.

"ஐயோ, கை! எங்க வூட்டுக்காரு கை! எட்டு மாசமா தூக்காத கை!" என்று பிலோமின் அலறினாள். திடலே எழுந்து அல்லேலூயா போட்டது. "நம்பிக்கை இல்லன்னுதான்யா தூக்கினேன்!" என்று நானும் கத்தினேன். யார் காதில் விழும்? பிரதர் எழிலரசன் தேம்பித் தேம்பி அழுதார்.

மற்றவை அடுத்ததில். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
தனிஸ்லாஸ்

சிஸ்டர் அண்ணிக்கு ஸ்தோத்திரம். இவரு கிண்டலா எழுதுவாரு, நம்பாதீங்க. கை உண்மையாவே தூக்கிட்டாரு. நானே பாத்தேன். எல்லாம் அந்த எண்ணெய்யும் ஆண்டவரும்தான். கடிதாசிய நான்தான் ஒட்டறேன். – பிலோமின்


மலை மடம்
3 பிப்ரவரி 2025

இயேசுவில் அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீயும் பிலோமினும் பூனைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உன் கடிதத்தை மாமேர் படித்த நேரத்தில் அவர் அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. இருமினேன் என்கிறார்.

தனிசு, ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். கை எழுவதற்கு முன்னால் நீ ஏதாவது வைத்தியம் பார்த்தாயா, இல்லையா? விளையாட்டாக எழுதாதே. எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஏன் என்று கேட்காதே.

அன்பு அக்கா,
சிஸ்டர் அமலோற்பவம்


முதலியார்பேட்டை
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். என் சுகத்தைப் பற்றி ஊரே விசாரிக்கிறது, அதுதான் இப்போது என் வியாதி.

காலையில் பல் விளக்க வெளியே வந்தால் வாசலில் ஆள். "அந்தக் கைய ஒரு தரம் தூக்கிக் காட்டுங்க." தூக்கிக் காட்டினால் போட்டோ எடுக்கிறார்கள். காலேஜ் ஆபீஸில் என் நாற்காலிக்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டுவிட்டார்கள், வருகிறவர்கள் உட்கார. அடுத்த தெரு செல்வாம்பாளுக்குக் காலில் ஆறாத புண், சர்க்கரை வியாதி. வந்து காலை நீட்டிக்கொண்டு, "இங்க கைய வைங்க" என்றாள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா, பஸ்ஸு இருக்குது" என்றேன்.

"ஒங்களுக்கு மட்டும் ஆண்டவரு, எனக்கு ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாள். பூனையைத் திட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

பங்குச் சாமியாரும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் என்னைவிடக் கடுப்பில் இருந்தார். "டாக்டர் சீட்டு எதனா இருக்குதாய்யா?"

"எதுக்கு சாமி?"

"அற்புதம்னு சொன்னா திருச்சபை மொதல்ல டாக்டரத்தான்யா கேக்கும். வேற எந்தக் காரணமும் இல்லன்னு அவரு சொல்லணும். அதுக்கப்புறந்தான் நாங்க வாயத் தொறப்போம். நீ இன்னாடான்னா போஸ்டர் அடிக்கற அளவுக்குப் போயிட்ட."

நான் பேச்சைக் கோவில் ஒலிபெருக்கி ரிப்பேருக்குத் திருப்பினேன்.

வைத்தியம் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை அக்கா. சத்தியம்.

அது சரி, உன் எழுத்துக்கு என்ன ஆயிற்று? எறும்பு ஊர்வது மாதிரி எழுதுவாய். இப்போது ஒரு பக்கத்துக்குப் பத்து வரி, அதுவும் மலைச்சரிவில் உருண்டு இறங்குகிறது. மடத்தில் தாள் இலவசமாகக் கொடுக்கிறார்களா? மாமேர், செலவைக் கவனியுங்கள்.

உன் தம்பி,
தனிஸ்லாஸ்

சிஸ்டர் அண்ணி, இவரு மாத்திரயக் கண்டாலே ஓடற ஆளு. வைத்தியமெல்லாம் ஒண்ணும் கெடயாது. எண்ணெய், ஜெபம், அவ்ளோதான். – பிலோமின்


மலை மடம்
8 மார்ச் 2025

இயேசுவில் அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் பதிலும் பிலோமினின் பதிலும் கிடைத்தன. மனத்துக்குப் பெரிய ஆறுதல். இங்கே விளக்கு வெளிச்சம் கொஞ்சம் மங்கல், எழுத்து அதனால்தான்.

திருநீற்றுப் புதன் கழிந்து தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த ஆண்டு நானும் ஒரு சின்னப் பொருளை விட்டுவிட்டேன். என்னவென்று சொன்னால் பலன் போய்விடும். பிலோமினிடம் அந்த எண்ணெயில் கொஞ்சம் கேட்டதாகச் சொல். தவம் முடியும் உயிர்ப்பு ஞாயிறு வரை நீண்ட கடிதம் எழுத மாட்டேன், வருந்தாதே.

அன்பு அக்கா,
சிஸ்டர் அமலோற்பவம்


முதலியார்பேட்டை
20 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். எண்ணெய் பார்சலில் வருகிறது. ஒழுகாமலிருக்க பிலோமின் என் நல்ல வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறாள். எதற்கு எண்ணெய்? முழங்காலா? மடத்தில் முழங்காலுக்குத்தான் வேலை அதிகம்.

தவக்காலத்துக்கு எதை விட்டாய்? காப்பியா? ஊறுகாயா? சின்ன வயதில் நீ சர்க்கரையை விட்டபோது உன் பங்கையும் சேர்த்து நான் தின்றேன், ஆகையால் எனக்கு உன் தவத்தில் அக்கறை உண்டு. விட்டதை இந்த விலாசத்துக்கு அனுப்பினால் வீணாகாது.

இங்கே போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். 'எட்டு மாதம் கிடந்த கை எழுந்தது! சாட்சி: சகோ. தனிஸ்லாஸ்.' ஏப்ரல் 12, அதே திடல். என் மச்சான் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் கேட்டுக் கை நீட்டிக்கொண்டிருக்கும் போட்டோவைப் போட்டிருக்கிறார்கள். பரலோகத்தை நோக்கி நீட்டுவதுபோலத்தான் தெரிகிறது. மார்க்கெட் போகிற வழியெல்லாம் நானே என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டு போகிறேன்.

"நான் சாட்சி சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சொல்லாம போனா ஆண்டவர்கிட்ட வாங்கிக்கினு ஏமாத்தன மாதிரி ஆவும்" என்றாள் பிலோமின்.

எனக்கு வருகிற எரிச்சலில் இந்தக் கை மறுபடி பூட்டிக்கொண்டால் தேவலை என்று இருக்கிறது. வெளிப்படையாகப் பேசவும் முடியவில்லை. உன் பக்கம் மாமேர், என் பக்கம் கடிதம் ஒட்டுகிற பிலோமின். நாம் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொண்டு எத்தனை வருஷம் ஆகிறது!

உன் தம்பி,
தனிஸ்லாஸ்


முதலியார்பேட்டை
4 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

சுகமா? எண்ணெய் வந்ததா, இல்லையா? தவக்காலத்தில் நீண்ட கடிதம்தானே கூடாது? 'வந்தது' என்று எழுத ஒரு கார்டு போதுமே. பிலோமின் தபால்காரரைத் தினமும் மடக்கி விசாரிக்கிறாள். அவர் எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

தனிஸ்லாஸ்


மலை மடம்
7 ஏப்ரல் 2025

கிறிஸ்துவில் அன்புள்ள திரு. தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

சமாதானம் உண்டாவதாக. உங்கள் நலமும் உங்கள் மனைவியின் நலமும் அறிய விரும்புகிறேன். பூனைகளின் நலம் போதுமான அளவு தெரிந்துவிட்டது.

நான் படிக்க வேண்டாம் என்று நீங்கள் குறிப்பிடும் பத்திகளைத்தான் முதலில் படிப்பேன். ஆகையால் நமக்குள் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

உங்கள் அக்காவுக்கு இரண்டு ஆண்டுகளாகக் கண்ணழுத்த நோய். காலையும் இரவும் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள வேண்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். "அவன் பயந்தால் அதிகமாகச் சிரிப்புக் காட்டுவான் மாமேர், சகிக்காது" என்றாள். சென்ற வாரம் சிற்றாலயத்தின் நிலைக்கதவில் மோதி நெற்றியில் காயம். பக்கவாட்டில் வருவது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அறையில் போய்ப் பார்த்தேன். மருந்துப் புட்டிகள் மூடி திறக்காமல் இருந்தன. பக்கத்தில் உங்கள் எண்ணெய். தவக்காலத்துக்கு அவள் விட்ட சின்னப் பொருள் அந்தச் சொட்டு மருந்துதான்.

போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற உடனே அறுவை செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். உயிர்ப்பு ஞாயிறு வரை பொறுங்கள் என்கிறாள் இவள். "என் தம்பிக்கு மருந்தில்லாமல் நடந்தது" என்கிறாள். நான் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். உங்கள் மனைவி எடுத்து, மருந்தே இல்லை, எண்ணெய்தான் என்று சாதித்தார்.

கீழ்ப்படியச் சொல்லி அவளை அறுவைக்கு அனுப்ப என்னால் முடியும். ஆனால் அந்த மேசையில் அவள் நம்பிக்கை இழந்தவளாகப் படுக்கக் கூடாது. 'ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். இப்படி எழுதுகிறவர் வேறு எதையோ விழுங்கியிருக்கிறார் என்று அன்றே நினைத்தேன். கேட்காமல் விட்டது என் தவறு.

வைத்தியம் பார்த்தீர்களா? உங்கள் கையால் எழுதுங்கள். படித்துக் காட்டுகிறேன்.

கிறிஸ்துவில்,
மதர் சுப்பீரியர் (மாமேர்)


முதலியார்பேட்டை
10 ஏப்ரல் 2025

அக்கா,

பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரியில், வடிவேல் என்ற பிசியோதெரபிஸ்டிடம், நான்கு மாதம். ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் போவேன். விரல்களைச் சுவரில் எறும்பு மாதிரி ஏற்றச் சொல்வார். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மேலே. வலியில் நான் அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டியிருக்கிறேன். கூட்டத்துக்கு முந்தின வாரமே கை காதைத் தாண்டிவிட்டது. மாமேருக்கு இன்று போனிலும் சொல்லிவிட்டேன். நீ கேட்ட அன்றே எழுதியிருக்க வேண்டும்.

பிலோமினுக்குத் தெரியக் கூடாது என்றுதான் மறைத்தேன். ஆஸ்பத்திரிக்கும் போனால் அவள் ஜெபத்தை நான் நம்பவில்லை என்று ஆகிவிடும் என்றாள். சண்டைக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து போனேன். கை எழுந்த பிறகு ஊர் சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். இன்று அவளிடம் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன் பிலோமின். வடிவேல்தான் கையைச் சரி பண்ணாரு."

"யாரு, ஆம்பளையா?"

"ஆம்பளைதான். மீசை இருக்குது."

அதில் ஒரு நிமிஷம் நிம்மதியானாள். பிறகு, "அப்ப எதுக்குய்யா தெனம் என்னைத் தேய்க்க உட்ட?" என்றாள்.

"நீ தேய்ச்சா நல்லா இருந்துச்சு."

கரண்டியைக் கீழே வைத்தாள். மாமேரின் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அண்ணி அந்த எண்ணெய்யக் கண்ணுலயா உட்டாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அடுப்பங்கரைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அறுவைக்குப் போ அக்கா. இதில் வேடிக்கையாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

தனிசு

சிஸ்டர் அண்ணி, எண்ணெய்யக் கொட்டிடுங்க. அது கைக்கு, காலுக்கு. ஆப்ரேசன் பண்ணிக்குங்க. நான் ஜெபத்த உடல. – பிலோமின்


மலை மடம்
2 மே 2025

இயேசுவில் அன்புள்ள தம்பிக்கு,

நான் சொல்கிறேன், மாமேர் எழுதுகிறார். முதல் வேலையாகப் பிலோமினிடம் சொல்: எண்ணெயைக் கண்ணில் விடவில்லை, நெற்றியில்தான் தடவினேன். அவளை நிம்மதியாகத் தூங்கச் சொல்.

புனித வாரத்தில் அறுவை நடந்தது. வலது கண்ணில் இருப்பது இருக்கும். இடது கண்ணில் போனது போனதுதான் என்கிறார்கள்.

உன்மேல் கோபம் இருக்கிறது. என்மேலும் இருக்கிறது. சின்ன வயதில் என் சர்க்கரையைத் தின்றுவிட்டு, 'ஸ்பூனால் எடுக்கவில்லை' என்று அம்மாவிடம் சத்தியம் செய்தவன் நீ. 'மாத்திரை விழுங்கவில்லை' என்றபோதே எனக்கு அந்த ஸ்பூன் ஞாபகம் வந்தது. வந்தும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது வேறு வேலையில்லை, யோசித்தேன். கானாவூரில் இயேசு தண்ணீரை இரசமாக்கவும் ஜாடிகளை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. செத்த லாசரை எழுப்பவும் கல்லறைக் கல்லைப் புரட்ட ஆள் தேவைப்பட்டது. பிறவிக் குருடனைக்கூட, கண்ணில் சேற்றைப் பூசி, குளத்துக்குப் போய்க் கழுவு என்று நடக்கவிட்டார். நான் மட்டும், யாரும் தொடக் கூடாது, நீரே நேராகச் செய்யும் என்று ஆண்டவரிடம் அடம்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது நம்பிக்கையா, வீம்பா என்று பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். "ரெண்டும்" என்றார் சாமியார். (என்னைக் கேட்டிருந்தால் வீம்பு என்று மட்டும் சொல்லியிருப்பேன். – எழுதுபவர்)

இந்தக் காலத்தில் அற்புதம் நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். இடது கண்ணுக்காக இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சொட்டு மருந்து விட்டுக்கொண்டே கேட்கிறேன்.

பெரிய எழுத்தானால் இன்னும் கொஞ்ச நாளில் நானே படிக்கலாமாம். இன்னொரு கேள்வி, இதற்காவது நேராகப் பதில் சொல். அன்று நீ கை தூக்கியது உண்மையிலேயே நம்பிக்கை இல்லாததாலா, டீ குடிக்கவா?

அன்பு அக்கா,
சிஸ்டர் அமலோற்பவம்


முதலியார்பேட்டை
18 மே 2025

அக்கா,

சுகம். ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன். ஒரு தாளுக்கு நான்கு வரிதான் கொள்கிறது. ஆகையால் கதை சுருக்கம்.

ஏப்ரல் 12 அன்று சாட்சி சொல்ல மேடை ஏறினேன். "இந்தக் கையத் தூக்க வச்சவரு வடிவேல்" என்று மைக்கில் சொன்னேன். யாரும் அல்லேலூயா போடவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். பிரதர் எழிலரசன் மைக்கைப் பிடுங்கி, "வடிவேல அனுப்புனது யாரு?" என்றார். "ஆண்டவர்!" என்று திடல் அதிர்ந்தது. மறுபடி அல்லேலூயா. இந்த ஊரில் உண்மையைச் சொல்லியும் பிழைக்க முடியாது.

வடிவேல் போன் பண்ணினார். "இன்னா சார், என்னைக் கோத்து உட்டுட்டீங்க? வரவங்கல்லாம் மொதல்ல ஜெபம் பண்ணுன்றாங்க. நான் முருகன் கோயிலுக்குப் போறவன் சார்."

செல்வாம்பாள் அவரைத் தேடிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அவர் கையோடு சர்க்கரை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டாராம். புண் காய்கிறது. பங்குச் சாமியார் சிரித்தார். இந்த வருஷத்தில் முதல் தடவை.

உன் கேள்விக்குப் பதில்: டீ குடிக்க.

ஆனால் மாமேரின் கடிதம் வந்த அன்று ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து, 'அவள் கண்ணைக் கொடு' என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். நம்பிக்கை இல்லாதவன் யாரிடம் கேட்பான்? எனக்கே எரிச்சலாக இருந்தது.

எழுதி எழுதித் தோள் வலிக்கிறது. பிலோமின் எண்ணெயோடு நிற்கிறாள்.

உறையின் மேல் எழுதியிருக்கிறேன்: 'மாமேர், இதைப் பிரிக்கவும் வேண்டாம், படித்துக் காட்டவும் வேண்டாம்.'

தனிசு


மலை மடம்
30 மே 2025

அன்புத் தம்பிக்கு,

வலது கண் சுகம். இடது கண் சுகமில்லை.

மாமேர் உறையைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கடிதம் முழுவதையும் நானே படித்தேன். எழுத்து பெரியது. நகைச்சுவை சின்னது.

அக்கா